வேண்டுதல் ஈமு

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்தது. இன்று துடைத்து எடுத்துவிட்டேன். காரணம் கோபம். கோபத்தை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். இந்தத் தோட்டத்தில் மனுஷி என்று இருப்பது நான் ஒருத்திதான்.

விடிந்து பார்த்தால் சாலையோர வேலியில் ஒரு ஜெர்சி காளைக்கன்று. கட்டினவன் உள்பக்கம் கட்டக் கூடாதா? சாலைப் பக்கம் கட்டியிருக்கிறான். தாராபுரம் பஸ் அதன் வாலை உரசிக்கொண்டு போகிறது. காளை என்பதால் பால் தராது, கலப்பு இனம் என்பதால் ஏருக்கும் ஆகாது. பிறந்த மூன்றாம் நாளே வேண்டாத பிள்ளை. ஏற்கெனவே இப்படி வந்த ஒன்றுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்திருக்கிறேன். இதற்குக் கடலை.

ஆக இன்றைய நிலவரம்: பட்டாணி, கடலை. பல் போன எருமை அம்மிணி. வெள்ளாடு வக்கீல், எதைச் சொன்னாலும் எதிர்த்துக் கத்துவான். கழுதை பாகவதர், முதுகு புண்ணானதும் செங்கல் சூளையில் அவிழ்த்துவிட்டது. முட்டை ஓய்ந்து பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட கோழிகள் ஏழு. கூடிக்கூடிப் பேசுவதால் மகளிர் குழு. கடைசியாகக் கலெக்டர். கலெக்டர் ஒரு ஈமு. இந்தப் பக்கமெல்லாம் ஈமுப் பித்துப் பிடித்து அலைந்த காலத்தில் யாரோ வளர்த்து, பித்துத் தெளிந்ததும் திறந்துவிட்ட பறவை. ஆள் உயரம். கழுத்தை நீட்டி, நிதானமாக நடந்து, எல்லாவற்றையும் பார்வையிட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவார். பெயர் தானாக அமைந்தது.

மொத்தம் பதின்மூன்று.

இனிமேல் எவனும் பஸ்ஸுக்குக் குறுக்கே கட்டிவிட்டுப் போகக் கூடாது என்று பெயிண்டர் திருமூர்த்தியிடம் ஒரு போர்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். சீட்டில் எழுதிக் கொடுத்தது: 'வேண்டாத ஆடு, மாடு, கோழிகளை வேலிக்கு உள்ளே விடவும்.'

ஜூன் 8, ஞாயிறு

தம்பி நாச்சிமுத்துவும் அவன் பெண்டாட்டி கோகிலாவும் கோயமுத்தூரிலிருந்து காரில் வந்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் தம்பி வண்டியை எடுக்க மாட்டான். ஆகவே அவன் வந்தால் எனக்கு எலுமிச்சம்பழம் செலவு. தக்காளிச் சோறு செய்திருந்தேன். இரண்டாம் கரண்டியில் விஷயத்தைச் சொன்னான்.

"ஆவணி ஒண்ணாந் தேதி இங்க நார்க்களத்துக்குப் பூமி பூசைக்கா. தேங்கா நாரு காயப்போட எடம் வேணும். ஆடி முடியறதுக்குள்ள இதுகள எல்லாம் அனுப்பீரோணும். மயில்சாமி லாரி அனுப்பறேன்னுட்டாரு."

"லாரி எங்க போகும்?"

"லாரி போற எடத்துக்குப் போகும்."

மயில்சாமி அடிமாட்டுத் தரகர். அவர் லாரி போகிற இடத்திலிருந்து எதுவும் திரும்பி வந்ததில்லை.

தோட்டம் தம்பி பேரில் இருக்கிறது. அப்பா அப்படி எழுதிவைத்தார். நான் இருபத்தாறு வயதில் புகுந்த வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். இருபத்தேழு வருஷமாக இந்தத் தோட்டத்துச் சாளை வீட்டில்தான் குடியிருக்கிறேன். அது பழைய கதை, இங்கே எழுத வேண்டியதில்லை.

"நங்கைக்கு நம்ம பிளாட்டுல, வாசிங் மெசின் ரூம்ல, கட்டில் போட்டிருக்குதுங்க" என்றாள் கோகிலா. நங்கை என்றால் நாத்தனார், அதாவது நான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டத் தெரிஞ்சா இவளே அக்காளக் கூட்டிட்டுப் போவா" என்று தம்பி சிரித்தான். "லைசென்ஸ் டெஸ்டுல நாலு தடவ பெயிலு. எட்டு போடுடீன்னா ஆறு போட்டுட்டு நிக்கறா!"

கோகிலா எழுந்து கை கழுவப் போனாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பதின்மூன்றுக்கும் வீடு பார்க்க வேண்டும். என் விஷயம் பிறகு.

ஜூன் 11, புதன்

போர்டு வந்தது. மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் வேல் ஒன்று இலவசம்.

'வேண்டுதல் ஆடு, மாடு, கோழிகளை வேலிக்கு உள்ளே விடவும்.'

"ஏனுங் திருமூர்த்தி, இது என்னங்க வேண்டுதல்?"

அவர் சீட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "அட, கை தானாப் போயிருச்சுங்க. இருவது வருசமாக் கோயல் போர்டுதானுங்களே எழுதறேன். வேண்டுன்னு ஆரம்பிச்சா வேண்டுதல்லதான் முடியும். நாளைக்கு அழிச்சு எழுதித் தர்றனுங்க."

வேண்டாததற்கும் வேண்டுதலுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். ஆடிக்குப் பிறகு போர்டுக்கு வேலையே இல்லை, இதில் அழித்து வேறு எழுதுவானேன்? நட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு அம்மா சேவலோடு வந்தார். காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது, சேவலுக்கு. பக்கத்து ஊராம். மகனுக்குப் பெண் அமையவில்லையாம். "கோயில் எங்கீங்க?" என்றார்.

"இங்க கோயல் இல்லீங்க."

"போர்டுல போட்டிருக்குதுங்களே?"

"அது தப்பாப் போட்டதுங்க."

"சாமி பேர்ல போட்டது தப்பாகுமுங்களா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேவலை வேலிக்குள் விட்டு, அங்கே மேய்ந்துகொண்டிருந்த கலெக்டரைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். கலெக்டர் தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறவர். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

ஒரே நாளில் இரண்டு கோழி, ஒரு கிடாக்குட்டி. பிடித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். வீடு பார்க்கிறேன் என்று உட்கார்ந்த எனக்குப் பதின்மூன்று பதினேழாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். எனக்குக் குரங்கு மட்டும்தான் இன்னும் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

இன்று வாய் தவறிவிட்டது. இல்லை, வாய் சரியாகவே வேலை செய்தது.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், கையில் ஆட்டுக்குட்டி. போன வாரம் வேலியோரம் நின்று வேண்டினார்களாம், போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் சாணிக் கூடையைக் கீழே போட்டேன்.

"நில்லுங்கோ! இந்தச் சாமிக்கு எல்லாமே தலகீழுங்க. கொண்டாந்து விடறதில்ல, கூட்டிட்டுப் போறது. வேண்டுதல் பலிச்சா இங்கிருந்து ஒரு உயிரக் கூட்டிட்டுப் போயி, அது தானாச் சாகற வரைக்கும் சோறு போடோணும். விக்கக் கூடாது, வெட்டக் கூடாது. நான் சொல்லாம வந்து பாப்பேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரி, ஓடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"எதைங்க கூட்டிட்டுப் போறது?" என்றார் அந்தப் பெண்.

வந்தபோது ஒரு ஆட்டுக்குட்டி. போனபோது ஆட்டுக்குட்டியும் பட்டாணியும். பட்டாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றி கெட்டவன். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வண்டி மறையும்வரை நின்றேன், பிறகு சாளைக்குள் போய் ஒரு சுற்று ஆடினேன். ஐம்பத்து மூன்று வயதில் ஆடினால் முழங்கால் இரண்டு நாள் பேசும். பேசட்டும்.

பொய் சொன்னேனா என்று யோசித்தேன். கடவுள் எங்கே குடியிருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இங்கே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

ஜூன் 30, திங்கள்

ஈமுவின் பெயர் வெளியே கசிந்துவிட்டது. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுக்கும் நாள் அல்லவா? இன்று காலை வேலிக்கு வெளியே பதினொரு பேர் வரிசையில் நிற்கிறார்கள், கையில் மனுவோடு. பட்டா மாறுதல், பேத்திக்கு காலேஜ் சீட்டு, மருமகனுக்குக் குடி நிற்க வேண்டும். ஒவ்வொரு தாளாக நீட்ட, கலெக்டர் வாங்கி விழுங்கிக்கொண்டே வந்தார்.

"நேர்லயே வாங்கறாருங்க" என்றார் ஒரு பெரியவர் நெஞ்சு குளிர்ந்து. "அங்கெல்லாம் வாங்கி வேற மேசைக்குத் தள்ளீருவாங்க."

குண்டூசி குத்திய மனுக்களை மட்டும் நான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லாமல் போய்ப் பார்ப்பேன் என்றேன், போனேன். மூன்று பஸ், இரண்டு ஊர். பட்டாணிக்குக் கழுத்தில் மணி, கொம்பு முளைக்கிற இடத்தில் பொட்டு. என்னை முட்ட வந்தான். மகளிர் குழு ஏழும் ஒரு தையல்கடை அம்மாவிடம் போயிருக்கிறது. பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தேன், பிரிக்கவில்லை. தையல் மெஷின்களுக்கு நடுவே வெட்டுத் துணியில் படுத்துக்கொண்டு ஓயாமல் பேசுகின்றன. அம்மிணியைக் கூட்டிப்போனவர் வீட்டில் புல்லை நறுக்கி, தவிடும் கலந்து வைக்கிறார்கள், பல் இல்லை என்பதால்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பாக வந்தது. கண்டக்டர் என்னவென்று கேட்டார். பாதிக் கதை சொல்வதற்குள் வக்கீலைத் தனக்குக் கேட்டுவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி அளவு நாடாவோடு வந்து பழைய நெற்களத்திலிருந்து கிணறு வரை அளந்தான். கூட்டம் குறைந்திருப்பதைப் பார்த்து, "பரவால்லக்கா, வேகமாத்தான் அனுப்பறே" என்றான். இன்னும் ஏழு பாக்கி. மீதிக்கு லாரி நிச்சயம் வரும் என்றும் சொன்னான்.

கோகிலா தனியாகக் கலெக்டர் பக்கம் போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கையைக் கூப்பினாள். பிறகு ஆள்காட்டி விரலால் காற்றில் எதையோ வரைந்தாள். மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம். கலெக்டர் தலையாட்டினார்.

நான் எதையும் பார்க்கவில்லை. வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

ரைஸ் மில்காரர் ஒருவர், நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, சுற்றிலும் மதில், கலெக்டரைக் கேட்டார். கொடுக்கவில்லை. கடலையைக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

இன்னொருவர் கலெக்டரைக் கேட்டார். அந்த ஊர்க் காற்று அவருக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். மூன்று மைல்தான் இருக்கும். காற்று மாறத்தான் செய்யும்.

ஜூலை 22, செவ்வாய்

கோகிலாவுக்கு போன் செய்தேன். சும்மாதான். டெஸ்ட் எப்போது என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள், ஆகஸ்ட் பதிமூன்று என்று. நெற்களம் காலியாகக் கிடக்கிறது, என் டிவிஎஸ் வண்டியும் சும்மா நிற்கிறது என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

கோகிலா பஸ்ஸில் வந்தாள். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். போர்டைப் பார்த்தால் அதுவும் பொய் இல்லை.

களத்தில் தேங்காய் மட்டைகளை அடுக்கி எட்டு போட்டுவைத்திருந்தேன். முதல் சுற்றில் மட்டையில் ஏறினாள். இரண்டாம் சுற்றில் வைக்கோல் போரில் ஏறினாள். "என்னால முடியாதுங்க நங்கை. வண்டில ஏறுனாலே அவுரு சிரிக்கற சத்தம் காதுல கேக்குதுங்க."

"இங்க யாரு இருக்கா சிரிக்க? பாகவதர் மட்டுந்தான். அவனும் பாடத்தான் செய்வான்."

மூன்றாம் சுற்றில் கலெக்டர் களத்துக்கு வந்துவிட்டார். ஓடுகிற எதையும் அவருக்குத் துரத்தியாக வேண்டும். கோகிலா வீறிட்டாள், ஆக்சிலேட்டரை முறுக்கினாள், முன்னால் வண்டி, பின்னால் ஈமு, இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். காலைக் கீழே ஊன்றினால் கலெக்டர் பிடித்துவிடுவார் என்ற பயத்தில் ஒரு முறைகூட ஊன்றவில்லை. நின்றபோதுதான் இருவருக்கும் தெரிந்தது, அவள் போட்டது முழு எட்டு. தொடர்ந்து ஒன்பது எட்டு.

இருவரும் மட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தோம். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு நான் நாத்தி. அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரமும் வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

இன்று நல்ல கூட்டம். வந்து சேர்ந்த சேவலும் கோழிகளும் கிடாக்குட்டியும் போய்விட்டன. பாகவதரை ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் கூட்டிப்போனார். கழுதை கத்துமே என்றேன். "என்னது?" என்றார் காதில் கைவைத்து. இதைவிடப் பொருத்தமான இடம் பாகவதருக்கு அமையாது.

கலெக்டரை மூன்று பேர் கேட்டார்கள். ஒருவருக்கு ஜாதகம் பார்க்க வேண்டும் என்றேன். காரணமெல்லாம் எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று கோகிலாவுக்கு டெஸ்ட். எனக்கென்ன வந்தது. குழம்பில் உப்புப் போடவில்லை, மோரில் இரண்டு முறை போட்டேன். கலெக்டரைச் சுற்றி எட்டு சுற்று வந்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். போன் வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி, ஆடி கடைசி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். 

பதினொரு மணிக்குத் தம்பி கார். பின்னாலேயே மயில்சாமியின் லாரி. டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்திருந்தேன். அதைப் பற்றி முன்பே எழுதவில்லை, கட்டினது நேற்று.

"மாடு ஒண்ணையும் காணமுங்க, இது ஒண்ணுதானுங்களா?" என்றார் மயில்சாமி. கலெக்டர் அவரை மேலிருந்து கீழே ஆய்வு செய்தார். "சரி, ஏத்திக்கலாமுங்க. இதும் கறிதானுங்களே." கயிற்றை எடுத்தார்.  மில்காரர் தோப்பு, நாலு ஏக்கர், மதில். கொடுத்திருந்தால் இந்நேரம் தென்னை நிழலில் நின்றிருப்பார். என் தந்திரத்துக்கு அவர் உயிரைப் பணயம் வைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆமாம், தந்திரம்தான். எழுதியாகிவிட்டது.

அப்போது சாலையில் ஹாரன். நிறுத்தாமல் ஹாரன். புழுதிக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டி வளைந்து உள்ளே வந்து, களத்தில் ஒரு முழு எட்டு போட்டு, என் முன்னால் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் கோகிலா.

"பாஸுங்க நங்கை! நேர்ல சொல்லோணும்னுதான் போன் பண்ணல. பக்கத்து பிளாட்டுப் பொண்ணு வண்டிங்க. எம்பது கிலோமீட்டரு, நானே ஓட்டிட்டு வந்தனுங்க!"

தம்பி களத்து மண்ணில் விழுந்த டயர்த் தடத்தைப் பார்த்தான். 

"வேண்டியிருந்தனுங்க, பலிச்சிருச்சு" என்று அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு உயிரக் கூட்டிட்டுப் போகோணும். நங்கை, எது இருக்குதுங்க?"

"எல்லாம் போயிருச்சே கோகிலா. கலெக்டரு மட்டுந்தான் இருக்காரு." அவ்வளவுதான் சொன்னேன். மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஈமுவா?" தம்பி கத்தினான். "அஞ்சாவது மாடிக்கு லிப்டுல ஏத்துவியா? அசோசியேசன்ல பூனைக்கே சண்டைக்கு வர்றானுக!"

"பிளாட்டு எதுக்குங்க? நம்ம பூமி இருக்குதே. இங்கயே இருக்கட்டும்."

"அப்ப நார்க்களம்?"

கோகிலா யோசித்தாள். யோசிக்கிற மாதிரி நின்றாள். "போடுங்க. சாமிக்குன்னு ஆனத லாரில ஏத்தி அனுப்பிப்போட்டு, அதும் எடத்துல களம் போடுங்க. நாருங்க. ஒரு பொறி போதும். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது."

முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டது மயில்சாமி. "இது வேண்டுதல்னு நீங்க சொல்லவே இல்லீங்களே!" என்று தம்பியைக் கடிந்துகொண்டு, கயிற்றைச் சுருட்டி, கலெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டு, லாரியை ரிவர்ஸிலேயே எடுத்துப் போனார். தம்பி கலெக்டரைப் பார்த்தான். கலெக்டர் தலையாட்டினார். தம்பி தன் காருக்குப் போய் நாலு டயரையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, பூசாரிக்கு போன் செய்து நாளைய பூசை வேண்டாம் என்றான்.

நானும் கோகிலாவும் களத்தில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க நங்கை. அன்னைக்கு நான் ரெண்டு வேண்டினனுங்க."

"எட்டு ஒண்ணு. இன்னொண்ணு?"

எட்டு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஹெல்மெட் வாரை முறுக்கினாள். "நங்கை எங்கூட்டுக்கு வந்தரக் கூடாதுன்னு."

சுருக்கென்றது. இல்லையென்று எழுதினால் பொய். அவளுடைய காது சிவந்திருந்தது. அப்புறம் எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. "அடிப் பாவி! நானும் அதையேதான்டி வேண்டுனேன். அந்த வாசிங் மெசினோட எவ படுப்பா?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, கன்னக் குழியோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வேண்டுதல் பலிச்சா ரெண்டு உயிருங்களே? கலெக்டரு ஒண்ணு. இன்னொண்ணு நீங்கதான்."

"நான் என்ன எருமையாடி?"

"சட்டம் நீங்க போட்டதுங்க. கடேசி வரைக்கும் சோறு போடோணும். விக்கக் கூடாது, வெட்டக் கூடாது. எடம் இதேதான். நான் சொல்லாம வந்து பாப்பேன். இப்பத்தான் லைசென்ஸ் இருக்குதே."

இருபத்தேழு வருஷமாக என்னை யாரும் எங்கேயும் வேண்டிக் கூட்டிப்போனதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கலெக்டர் கிட்டவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.